கட்டாமல் விட்ட கம்பி

நேற்றுக் காலை பட்டறையை ஒழித்துக்கொண்டிருந்தேன். பரண் மூலையிலிருந்து உன் பழைய வேனின் முன் ஷாஃப்ட்டை இழுத்ததும் பழைய கிரீஸ் நாற்றம் மூக்கில் ஏறியது. கூடவே உன்மேல் கோபமும் ஏறியது. நீ போய்ச் சேர்ந்து இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை, இப்போது உன்னைத் திட்டக் கூடாதுதான். ஆனாலும் திட்டத்தான் போகிறேன்.

அது எழுபதுகள். செங்கல்பட்டு ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் நான் பட்டறை போட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. எனக்கு இருந்த ஒரே பெரிய வாடிக்கை உன் மீன் முதலாளி. மிலிட்டரி ஏலத்தில் அவர் எடுத்த, நாலு சக்கரமும் இழுக்கிற வேனுக்கு நீ டிரைவர். மகாபலிபுரத்துக் கரையில் மற்ற வண்டிகள் சவுக்குத் தோப்போடு நின்றுவிடும். நீ மட்டும் மணலில் இறங்கி, படகின் மூக்குவரைக்கும் போய் நிற்பாய். படகை முதலில் தொட்ட வண்டிக்கே மீன் என்பது உங்கள் குப்பத்து வழக்கம். அதில் உனக்கு இருந்த மிதப்பு கொஞ்சமா நஞ்சமா.

அன்று முன்பக்கம் கடகடவென்று அடிக்கிறது என்று வேனைக் கொண்டுவந்தாய். அடியில் படுத்துப் பார்த்தேன். முன்சக்கரங்களுக்கு இழுப்பைக் கொண்டுபோகிற ஷாஃப்ட்டின் மூட்டு, கிரீஸைப் பார்த்தே மாதக்கணக்காகி, தேய்ந்து தொளதொளத்துக் கிடந்தது.

"கிரீஸ் அடின்னு எத்தினி வாட்டி சொல்றது?" என்றேன்.

"இன்னா மச்சான், கொயந்தைக்குச் சோறு ஊட்டுற மாதிரி ஊட்டிகினே இருக்கணுமா?" என்று சிரித்துவிட்டு நாஸ்தா தின்னப் போனாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புது மூட்டு மெட்ராஸிலிருந்து வரவேண்டும். அதுவரை ஷாஃப்ட்டையே கழற்றி வைத்துவிட்டால், பின்சக்கர இழுப்பில் தார்ரோட்டில் தாராளமாக ஓடும். இரண்டு முனையிலும் நட்டுகளைக் கழற்றி, ஷாஃப்ட்டை இறக்கிப் பரணில் போட்டேன். அப்படிக் கழற்றினால், முன்சக்கரத்தைச் சேர்க்கிற சின்ன லிவரைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டிவிட வேண்டும். நாம் சொல்ல மறந்தாலும் கம்பியைப் பார்த்த டிரைவருக்கு, முன்பக்கம் வேலை செய்யாது, மணலில் இறங்கக் கூடாது என்று புரிந்துவிடும். நீ திரும்பி வந்தபோது நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். "முடிஞ்சிதா?" என்றாய். "எடுத்துகினு போ" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. கம்பியும் கட்டவில்லை.

சத்தம் நின்றுபோனதால் சரியாகிவிட்டது என்று நினைத்தாய். வழக்கம்போல் மணலில் இறங்கினாய். பின்சக்கரம் புதைந்ததும் சின்ன லிவரைப் போட்டு ஓங்கி மிதித்திருக்கிறாய். அத்தனை பலமும் பின்பக்கத்திலேயே விழுந்து அச்சு முறிந்தது. ஆள் வந்து சொல்லி, நான் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் அலை எஞ்சின்வரைக்கும் ஏறிவிட்டது. கரைவலைக் கயிற்றை வேனில் கட்டிக் குப்பமே இழுத்துக்கொண்டிருந்தது.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "இன்னாய்யா பண்ணி அனுப்பிச்ச?"

"ஷாஃப்ட்ட கழட்டிட்டு லிவர்ல கம்பி கட்டித்தான் அனுப்பிச்சேன். இவன்தான் அவுத்துட்டுகீறான்" என்றேன்.

வாய் தவறி வந்துவிட்டது என்றே இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தவறி வரவில்லை. பட்டறை போய்விடுமோ என்ற பயத்தில், தெரிந்தே சொன்னேன்.

இடுப்பளவு தண்ணீரில் நின்று நீ என்னைப் பார்த்தாய். பிறகு அவரிடம், "ஆமா நைனா, நான்தான் அவுத்துட்டேன்" என்றாய்.

ஏன்டா? பொய் சொல்கிறான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் வாயா தேய்ந்துபோயிருக்கும்? அன்றோடு உன் வேலை போயிற்று. வண்டியைக் கடலில் விட்டவன் என்று அதற்குப் பிறகு கரையோரத்தில் ஒருவரும் உன்னை நம்பிச் சாவி கொடுக்கவில்லை. நீ வலை இழுக்கப் போனாய். என் பட்டறை வளர்ந்தது. பட்டறைக்கு நீ வரும்போதெல்லாம் சொல்லிவிட வாயெடுப்பேன். "வுடு மச்சான், பேஜாரு. டீ சொல்லு" என்று அடைத்துவிடுவாய். என்னை மன்னிப்புக் கேட்கக்கூட விடாத உன் பெருந்தன்மையை என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.

நேற்று மதியம் அந்த ஷாஃப்ட்டைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மீன் அரிந்துகொண்டிருந்த கை நிற்கவே இல்லை.

"தெரியும்ண்ணா. அன்னிக்கே சொல்லிட்டாரு. அவன் இப்பதான் கடை போட்டுகீறான், யார்கிட்டயும் மூச்சு வுடாதேன்னாரு."

இத்தனை வருஷமும் தெரிந்துகொண்டேதான் எனக்குக் குழம்பு ஊற்றியிருக்கிறாள். நேற்றும் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். தலை நிமிராமல் சாப்பிட்டேன்.

ஷாஃப்ட்டை அங்கேயே வைத்துவிடத்தான் கொண்டுபோயிருந்தேன். "இது எங்களுக்கு இன்னாத்துக்குண்ணா?" என்று வாசல்வரை வந்து என் கையிலேயே கொடுத்துவிட்டாள். செங்கல்பட்டுவரைக்கும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் உன்னை வாய்விட்டுத் திட்டியிருப்பேன், பக்கத்து சீட்டில் ஆள் இருந்தது.