பிரிக்காத ஆயில் கேன்கள்

அத்தான்,

கார் ஷெட்டில் நீங்கள் அடித்து வைத்த பலகையின் மேல், பழைய உரச் சாக்குக்கு அடியில் அவை இருந்தன. உங்கள் பழைய காருக்காக நான் தோஹாவிலிருந்து கார்கோ பெட்டியில் அனுப்பிய ஆயில் கேன்கள், மூன்று. ஒன்றின் மூடியைக்கூட நீங்கள் திருகவில்லை. பக்கத்திலேயே நான் அனுப்பிய ஸ்பார்க் பிளக்குகள், அட்டை பிரிக்காமல். சாக்கைத் தூக்கியதும் பெட்ரோலும் கிரீஸும் கலந்த உங்கள் சட்டை வாசனை வந்தது. அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. இன்னும் அடங்கவில்லை.

"சும்மா வெண்ணெ மாதிரி ஓடுது மாப்ள. ஒன் ஆயில்னா ஆயில்தான்" என்று ஃபோனில் சொன்னீர்களே, அது எந்த ஆயில்? நீங்கள் அப்படிச் சொன்னதால்தான் அடுத்த பெட்டியிலும் ஒன்று வைத்தேன், அதற்கடுத்த பெட்டியிலும் வைத்தேன். அங்கே நான் ஓட்டிய முதலாளி வீட்டுப் புது வண்டிக்கு ஊற்றுகிற உசத்தியான ஆயில் என்று, அக்காவுக்கு வாங்கிய போர்வையில் சுற்றி, கசியாமல் டேப் ஒட்டி அனுப்பினேன்.

டவுனிலிருந்து வந்த மெக்கானிக் கேனைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "இது தண்ணி மாதிரி இருக்கும்ங்க. புது இன்ஜினுக்குச் சரி. ஒங்க அத்தான் வண்டி தேஞ்ச இன்ஜின். இத ஊத்துனா பிரஷர் நிக்காது, கசிஞ்சு ஒழுகிரும். அவரு கெட்டியான ட்வென்ட்டி ஃபிஃப்டி ஆயிலத் தவிர வேற எதையும் தொடமாட்டாரு. பிளக்கும் சேராதுங்க, மரை நீளம் வேற."

ஆக, உங்களுக்கு முதல் நாளே தெரியும். கோடைக்கு முன்னால் ஆயில் மாற்றி, இக்னிஷன் பாயிண்டைத் தேய்த்து, அதன் இடைவெளியைத் தகடு வைத்து அளந்து, பானெட்டைத் திறந்து காதைச் சாய்த்துக் கேட்பவர் நீங்கள். உங்களுக்கு, "மாப்ள, இது இந்த வண்டிக்கு ஆகாது" என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையா? கோபித்துக்கொண்டு நான் பேச்சையா நிறுத்தியிருப்பேன்? மச்சினன் அனுப்பியதைக் குறை சொல்லக் கூடாது என்கிற அந்தப் பாழாய்ப்போன மரியாதையை உங்களிடம் யார் கேட்டது?

ஆயில் போகட்டும். கடைசி இரண்டு மாதம் நெஞ்சு வலித்ததாமே. வயலுக்குப் போகிற வழியில் நின்று நின்று நடந்தீர்களாமே. ஊரில் யாருக்குப் பிரசவ வலி வந்தாலும் இதே வண்டியில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனவர், உங்களுக்காக ஒரு நாள் அதை எடுக்கவில்லை. அக்காவின் வாயையும் அடைத்துவிட்டீர்கள். "அவன்கிட்டச் சொல்லாத. அங்கிட்டுக் கெடந்து பதறுவான்" என்றீர்களாம்.

வெள்ளிக்கிழமை தவறாமல் நான் கூப்பிட்டுக் கேட்டேன். "எனக்கென்ன மாப்ள, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்றீர்கள். தெரிந்திருந்தால் சண்டை போட்டாவது உங்களை டாக்டரிடம் அனுப்பியிருப்பேன். அந்தச் சண்டையைப் போட விடாமல் செய்தது நீங்கள்தான்.

கடைசியில் வந்த ஃபோனும் "அத்தானுக்கு சீரியஸ், கெளம்பி வா" என்றுதான் வந்தது. அப்போது நீங்கள் போய் நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. விமானம் இறங்கும்வரை குலதெய்வத்திடம் உங்களுக்காக வேண்டிக்கொண்டே வந்தேன். போய்விட்ட உயிருக்காக என்னை வேண்ட வைத்தீர்கள், எல்லோரும் சேர்ந்து.

இப்போது வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டேன். இன்று காலை உங்கள் கெட்டி ஆயிலையே ஊற்றி, புது பிளக்கும் பாயிண்டும் கண்டன்சரும் போட்டோம். மூன்றாவது முறை சாவியைத் திருப்பியதும் வண்டி புகை கக்கிவிட்டு நிதானமாக ஓடியது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் குமரன் கூப்பிட்டான். உங்கள் மகன்தான், நான் இருந்த அதே தோஹாவில் இப்போது அவன் இருக்கிறான்.

"வண்டி எப்படி ஓடுது மாமா? அம்மா நல்லா இருக்காங்களா?"

"வெண்ணெ மாதிரி ஓடுதுப்பா. அம்மாவுக்கென்ன, நல்லா இருக்காங்க."

ஃபோனை வைத்த பிறகுதான் என் வாயிலிருந்து யார் பேசியது என்று உறைத்தது. எதிரே வாசற்படியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். சுகரால் ஒரு மாதமாகக் காலில் புண் ஆறவில்லை. சொல்லாதே என்று காட்டிய கையை அவள் இன்னும் இறக்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே மறுபடி அவனைக் கூப்பிட்டேன்.

"தம்பி, வண்டி நல்லா ஓடுது. அம்மா நல்லா இல்ல. கால்ல புண்ணு ஆறல, சுகர் ஏறிக் கெடக்கு. இப்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். மொதல்ல ஒன்கிட்டப் பொய் சொல்லிட்டேன்."

அக்கா என்னை முறைத்துக்கொண்டே வண்டியில் ஏறினாள். குமரன் பதறினான், அத்தான். பதறட்டும். உங்களுக்காகப் பதற எனக்கு ஒரு நாள்கூட நீங்கள் கொடுக்கவில்லை. அதைத்தான் நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.