சனிக்கிழமை ஹோட்டல் வாசலுக்கு வா

ஹவுன்ஸ்லோ,
புதன்கிழமை.

அன்புள்ள தம்பி சஞ்சயனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் சுவர்ணாவும் பிள்ளை தக்ஷிகாவும் சுகமாக இருப்பீர்கள் என்று தெரியும். ஒரே நகரத்துக்குள் ஹவுன்ஸ்லோவிலிருந்து தோர்ண்டன் ஹீத்துக்குக் கடிதம் எழுதுகிற அளவுக்கு என்ன வந்தது என்று யோசிப்பாய். போனில் பேசினால் விதுசனுக்குக் கேட்கும். படியேற முடியாததால் அவனுடைய கட்டிலை முன் அறைக்கு இறக்கிவிட்டோம், இந்த வீட்டில் இப்போது சட்டி வைத்தாலும் அவனுக்குக் கேட்கிறது. வட்ஸ்அப்பில் அனுப்பினால் சுவர்ணா பார்ப்பாள். உனக்கும் எனக்கும் இடையில் இருக்க வேண்டிய விஷயம் என்பதால் பேனாவை எடுத்தேன்.

முதலில் உன் மருமகன் விதுசனின் செய்தி. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்த இடம் ஆறிவிட்டது. பொய்க்கால் போட்டு நடக்கப் பழக்குகிறார்கள். நேற்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த அறையின் மறுபக்கம் வரை போனான். பிறகு திரும்பி வரமாட்டேன் என்று அங்கேயே இருந்துவிட்டான். பழக்குகிற பெண் கெஞ்சிப் பார்த்தாள், நானும் கெஞ்சினேன், கடைசியில் நாற்காலியைக் கொண்டுபோய்த்தான் கூட்டி வந்தோம். ஹீத்ரோ விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலைக்கு இனி ஆளில்லை என்று மேலாளர் மரியாதையான வார்த்தைகளில் சொல்லிவிட்டார். பகல் முழுக்க ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்து றோட்டைப் பார்க்கிறான். தன்னை அடித்துவிட்டு ஓடின மாதிரி ஒரு மொப்பெட் சத்தம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். மாமா எப்ப வருவார் என்று மட்டும் மறக்காமல் கேட்கிறான். நீ கொண்டு வருகிற மட்டன் ரோல்ஸ்தான் அவனுக்கு வாயில் இறங்குகிற ஒரே சாப்பாடு.

இப்போது கூப்பிட வந்த காரியம். அகதி என்று வந்தவர்களை அரசாங்கம் தங்க வைத்திருக்கிற அந்த ஹோட்டலை மூடச் சொல்லி, வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அதன் வாசலில் மறுபடி கூடுகிறோம். குடியிருப்பாளர் குழுத் தலைவர் பீற்றர், அந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், இந்த முறை நிறையச் சனம் வரவேண்டும் என்கிறார். பத்திரிகைக்காரர் யாரோ வருகிறாராம். எங்கள் ஆட்களைக் கூட்டுகிற பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார். எனக்கு உன்னை விட்டால் வேறு யார். சனத்தைக் கூட்டுவது உனக்குச் சின்ன வயதிலிருந்தே கைவந்த வேலை. உன் வானை எடு. கோயிலில் பிரசாதத்துக்கு வரிசையில் நிற்கிறவர்களைப் பிடி. கடைக்குச் சாமான் வாங்க வருகிறவர்களிடம் கேள். வெள்ளைக்காரன் நடத்துகிற கூட்டத்தில் எங்களுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்பார்கள். என்னையே முதல் நாள் ஒரு மனிதன் நீ எந்த ஹோட்டலில் இருக்கிறாய் என்று கேட்டான். என் பிள்ளையின் படத்தை அவன் மூக்குக்கு முன்னால் பிடித்தேன். பீற்றர் ஓடி வந்து மன்னிப்புக் கேட்டார், அந்த மனிதன் கேட்கவில்லை. அவமானம்தான். ஆனாலும் அடுத்த கிழமை போனேன். கோபம் இருக்கிறவளுக்கு இதெல்லாம் பெரிதாகத் தெரியாது.

நாங்களும் இப்பிடித்தானே வந்தனாங்கள் அக்கா என்று உன் கடைக்கு வருகிற பெடியள் சொல்வார்கள். அவர்களுக்கு உன்னையே காட்டிப் பதில் சொல்லு. நீ லொறியில் மீன் பெட்டிகளுக்கு நடுவில் வந்தவன்தான். ஆனால் இறங்கின அன்றைக்கே பொலிஸ்காரனிடம் போய் என் பெயர் சஞ்சயன் என்று சொன்னாய். கைரேகை கொடுத்தாய். விசா முடிவு வரும்வரை எத்தனையோ வருஷம் கையெழுத்து வைத்து, பயந்து பயந்து இருந்தாய். பெயரைச் சொன்னவனை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன். பெயரே இல்லாமல் இந்த நாட்டில் திரிகிறவனைத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. அவனுக்கு ஒரு பிள்ளையை றோட்டில் போட்டுவிட்டு ஓடலாம். கேட்பதற்கு ஆளில்லை, தேடுவதற்கு விலாசமில்லை. இதைத்தான் நான் ஒவ்வொரு முறையும் மைக்கில் சொல்கிறேன், சனமும் கேட்டுத் தலையாட்டுகிறது.

கடைசியாகக் கூடின, போனதுக்கு முந்தின சனிக்கிழமை நடந்த ஒன்றை உனக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். றோட்டுக்கு அந்தப் பக்கம் எதிர்க் கூட்டம் ஒன்று நின்றது. பெரும்பாலும் படிக்கிற பிள்ளைகள். அதில் உன் மகள் தக்ஷிகாவும் ஒரு பதாகையோடு நின்றாள். என்னைக் கண்டதும் பொலிஸ்காரனிடம் கேட்டுக்கொண்டு றோட்டைக் கடந்து வந்தாள். நான் கன்னத்தில் அறையலாம் என்றுதான் நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, மாமி, ஹோட்டலில இருக்கிற எல்லாரும் பேரும் கைரேகையும் குடுத்திட்டுத்தான் இருக்கினம், அப்பா இருந்த அதே கியூவில நிக்கினம், விதுவை அடிச்சது இவையில்லை என்று சொன்னாள். உனக்கு எப்பிடித் தெரியும் என்று கேட்டேன். தெரியாது மாமி, உங்களுக்கும் தெரியாதுதானே என்றாள். எனக்குக் குளிர்கிறது என்று கண்டு தன்னுடைய பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணீர் ஊற்றித் தந்துவிட்டுத் திரும்பிப் போனாள். நல்ல பிள்ளை. அவளை எப்படிப் பெற்றாய் என்று நினைக்கிறேன்.

அவள் கேட்டது சரிதான், எனக்குத் தெரியாது. எனக்குச் சொன்னவன் நீ. ஆஸ்பத்திரி வாசலில் என் காலடியில் இருந்து அழுதுகொண்டு சொன்னாய். அக்கா, அது என்ரை மொப்பெட், மாரிக்காலத்திலயிருந்து வீட்டுக்குப் பக்கத்தில ஓடாமக் கிடந்தது, ஆரோ களவெடுத்திட்டாங்கள், ஹோட்டல்ல இருக்கிறவங்கள்தான் இப்பிடிச் செய்யிறாங்கள் என்று சொன்னாய். ஓடினவன் ஹெல்மெற்றோடு ஓடியதால் முகம் பார்த்தவர்கள் இல்லை. பொலிஸும் களவுபோன வண்டி என்று எழுதிக்கொண்டது. என் பிள்ளையின் காலைப் பற்றி நினைப்பதை விட்டுவிட்டு நான் உன்னைத் தேற்றினேன். வண்டி உன்னுடையது என்பதற்காக உன்னை நீயே வருத்தாதே என்று தலையைத் தடவினேன். முதல் துண்டுப்பிரசுரத்தை அடித்துத் தந்தவனும் நீ. முதல் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, இவங்களுக்கு வேலை குடுக்கிறவங்கள் ஆர், அவங்களைப் பிடியுங்கோ என்று நீ கத்தினபோது பீற்றர் உன்னைக் கட்டிப்பிடித்தார். பிறகு முதுகு நோ, கடையில் ஆளில்லை என்று வராமல் விட்டாய்.

போன வெள்ளிக்கிழமை விதுசனின் பெயரில் அர்ச்சனை செய்யப் போனேன். குருக்கள் நட்சத்திரம் கேட்டுவிட்டு, உங்கட தம்பியின்ரை அந்தப் பெடியன் எப்பிடி இருக்கிறார், மொப்பெட் நல்லா ஓடுதோ என்று சாதாரணமாகத்தான் கேட்டார். எந்தப் பெடியன் என்றேன். ஜெனோசன் என்றார். தன்னுடைய மகனைப் போலவே உத்தரட்டாதி நட்சத்திரம், அதனால் மறக்கவில்லை என்றார். வாகனப் பூசைக்கு எல்லாரும் சொந்தக்காரன் பெயரைத்தான் சொல்வார்களாம். நீ மட்டும், ஓடுறவன்ரை பேரில செய்யுங்கோ ஐயா, அவன்தானே றோட்டில நிக்கிறவன் என்று கேட்டாயாம். என்றைக்கு என்று விசாரித்தேன். விதுசன் விழுந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வெள்ளி. மாரியிலிருந்து ஓடாமல் கிடந்த மொப்பெட், அன்றைக்குக் கோயில் வாசலில் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி இறங்கியிருக்கிறது. விதுசனை அடித்தது அந்த வண்டிதான் என்று குருக்களுக்குத் தெரியாது. தட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது. விழுந்து கிடந்த மொப்பெட்டின் படத்தைப் பொலிஸ்காரி எனக்குக் காட்டியிருந்தாள். முன்பக்கத்தில் இந்த மஞ்சள் பூச்சு என்ன என்று கேட்டாள். அது சந்தனம், எங்கள் ஆட்கள் வண்டிக்கு வைப்பார்கள், என் தம்பி பக்தியுள்ளவன் என்று நானே விளக்கம் சொன்னேன். குங்குமம் அழியாமல் அப்படியே இருந்தது. ஒரு மாரி மழையில் நின்ற வண்டியில் குங்குமம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் தம்பி என்பதால் என் கண் அதைப் பார்க்கவில்லை.

ஜெனோசனை எனக்குத் தெரியும், சஞ்சயன். விதுசனின் பிறந்தநாளுக்கு நீதான் கூட்டி வந்தாய். எங்கட ஊர்ப் பெடியன் அக்கா, படிக்க வந்து விசா முடிஞ்சு போச்சு, பாவம் என்றாய். அவனுக்கு இரண்டாம் முறையும் சோறு போட்டேன். வெட்கப்பட்டுச் சாப்பிட்டான். விதுசன் தன்னுடைய பழைய ஜாக்கெற்றைக் கொடுத்து அனுப்பினான். இப்போதுதான் விளங்குகிறது, விசா இல்லாதவனுக்கு வேலை கிடைக்காது என்று உன்னுடைய பெயரில் சாப்பாட்டு டெலிவரிக் கணக்கைத் திறந்து, அதை அவனுக்கு ஓடக் கொடுத்து, அவன் உழைப்பில் உன் பங்கை எடுத்திருக்கிறாய். தோர்ண்டன் ஹீத்தில் பாதிப் பேர் செய்கிறார்கள் என்று சொல்வாய். அவன் அன்றைக்கு விதுசனைத் தெரிந்துதான் ஓடினானோ தெரியாமல் ஓடினானோ, அதை அவன் வாயால் கேட்க வேண்டும். றோட்டில் கிடந்து என் பிள்ளை கூப்பிட்டிருக்கிறான். அந்த ஜாக்கெற் அவன் உடம்பில் இருந்ததா என்றும் கேட்க வேண்டும்.

ஹோட்டலில் இருக்கிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்று நான் இப்போது மாறிவிட்டதாக நினைக்காதே. கள்ளமாக வருகிறதும் கள்ளமாக வைத்திருக்கிறதும் நிற்க வேண்டும் என்றுதான் இப்போதும் சொல்கிறேன், முன்னையைவிடப் பலமாகச் சொல்வேன். ஆனால் என் பிள்ளையின் காலைச் சொல்லி அந்த ஜன்னல்களைப் பார்த்து நான் கத்தினேன். இரண்டாம் மாடியில் ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்று பார்த்துவிட்டுத் திரையை இழுத்து மூடினாள். அது எனக்கு வெற்றி மாதிரி இருந்தது. அந்தக் கத்தல் உன் வீட்டு வாசலில் கத்த வேண்டியது. அதை வேறு வாசலுக்குத் திருப்பிவிட்டது உன் கெட்டித்தனம்.

நீ போன ஞாயிறும் வந்தாய். விதுசனின் தலையணையைச் சரிசெய்தாய். நான் உனக்குத் தேத்தண்ணீர் தந்தேன், நீ சீனி போதாது என்றாய், போட்டுத் தந்தேன். அப்போது எனக்கு எல்லாம் தெரியும். வாயைத் திறந்தால் விதுசனுக்கு முன்னால் கொட்டிவிடும் என்று கோப்பைகளைக் கழுவப் போனேன். அம்மா கண்ணை மூடுமுன் உன்னை என்னிடம்தான் ஒப்படைத்தா. உன்னைப் பார்த்து இந்தளவு கசப்பு எனக்குள் வரும் என்று நான் நினைத்ததில்லை. எனக்குப் பழிவாங்க வேண்டும், சஞ்சயன். அதை நல்ல வார்த்தை போட்டு மறைக்க விருப்பமில்லை. ஓடினவன் பிடிபட வேண்டும். மறைத்தவன் சனத்துக்கு முன்னால் நிற்க வேண்டும்.

ஆகையால் சனிக்கிழமை வா. வானை நிரப்பிக்கொண்டு வா, உன்னைத் தெரிந்த முகமாக இருக்கட்டும். பேசுகிறவர்களில் உன்னை இரண்டாவதாகப் போடும்படி பீற்றரிடம் சொல்லிவிட்டேன். இவர்களுக்கு வேலை கொடுக்கிறவர்கள் யார் என்று அன்றைக்கு நீ கேட்ட கேள்விக்கு நீயே பதில் சொல்லலாம். தக்ஷிகா அந்தப் பக்கம் நிற்பாள். விதுசனை நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து முன் வரிசையில் விடுவேன். அவனுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. உன் வாயால் கேட்கட்டும் என்று வைத்திருக்கிறேன். நீ வராவிட்டால் திங்கட்கிழமை பொலிஸுக்குப் போவேன், குருக்களிடம் கேட்டதைச் சொல்வேன். ஜெனோசனை இதற்கிடையில் வேறு ஊருக்கு அனுப்பினால், அனுப்பினவனின் பெயரையும் சேர்த்துச் சொல்வேன்.

கூட்டத்துக்கு வரும்போது உடுப்பைத் தடிப்பாகப் போட்டுக்கொண்டு வா, அந்த மூலையில் காற்று அதிகம். சுவர்ணாவுக்கு என் அன்பைச் சொல்லு. ரோல்ஸ் கொண்டுவர வேண்டாம்.

தம்பி, உனக்குக் கெடுதல் வர வேண்டும் என்று நான் சுவாமியிடம் இன்னும் கேட்கவில்லை. சனிக்கிழமை வரைக்கும் கேட்கமாட்டேன். அந்த வெள்ளிக்கிழமை சுவாமிக்கு முன்னால் நின்று அவனுடைய பெயரை வாய் நிறையச் சொன்னாய். சுவாமி கேட்டது. அவன் கீறல்கூட இல்லாமல் எழும்பி ஓடினான். அதே பெயரை இந்தச் சனிக்கிழமை மைக்கில் இன்னொரு தரம் சொல்லு. நட்சத்திரம் சொல்லத் தேவையில்லை.

இப்போதும் உன்னைத் தம்பி என்று எழுதுகிற,
உன் அக்கா,
தவமலர்