சுவரில் என் தந்தையைப் பற்றி ஒட்டியிருக்கும் வாக்கியம்

அனுப்புநர்:
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
பெண்கள் உயர்நிலைப் பள்ளி.
(யார் என்பது மனுவின் இறுதியில்)

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம்.

பொருள்: எங்கள் ஆங்கில ஆசிரியை மீதான புகாரை விசாரிக்கும் முன் வகுப்பறைச் சுவரைப் பார்வையிட வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஆங்கில ஆசிரியை மீது பெற்றோர் சார்பில் அளிக்கப்பட்ட புகார் இப்போது தங்கள் மேசையில் இருக்கும். அதையும் இந்த மனுவையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே கையெழுத்தில் இருப்பது தெரியும். இதில் மோசடி ஏதும் இல்லை. அந்தப் புகாரை எழுதியவர் என் தந்தை. நல்ல தாளில் படியெடுத்தவள் நான்.

என் தந்தையைத் தாங்கள் தினமும் பார்த்திருப்பீர்கள். தங்கள் கார் நுழையும் வாயிலின் இடப்பக்கம், நீலக் குடையின் கீழ், மடக்கு மேசை போட்டு மக்களுக்கு மனு எழுதித் தருபவர் அவர்தான். அவர் அவசரமாக எழுதும் வரைவுகளை வீட்டில் நான்தான் திருத்தமாக எழுதித் தருவேன். அந்தப் புகாரையும் அப்படித்தான் எழுதினேன். மறுத்துப் பேசத் தைரியம் வரவில்லை. எழுதி முடித்ததும் அப்பா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "முத்து முத்தா இருக்கும்மா" என்றார்.

நாளை பிற்பகல் எங்கள் பள்ளியில் விசாரணை. புகார் உண்மை என்று முடிவானால் ஆசிரியையை வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சொல்கிறார்கள். ஆகவே வீட்டில் எல்லோரும் உறங்கிய பின் சமையலறையில் அமர்ந்து இதை எழுதுகிறேன். அப்பா இருமும்போதெல்லாம் என் பேனா நின்றுவிடுகிறது. அங்கங்கே மைப் புள்ளிகள் இருந்தால் பொறுத்தருளவும். பள்ளிக்குப் போகும் வழியில் தங்கள் அலுவலகப் பெட்டியில் இதைப் போட்டுவிடுவேன்.

புகாரின் வாசகம் எனக்கு மனப்பாடம். அதே வரிசையில் பதில் தருகிறேன்.

1. "மேற்படி ஆசிரியை பாடப்புத்தகத்தைப் புறக்கணித்து, ஒரே வகை வாக்கியத்தை மாதக்கணக்கில் கற்பித்து வருகிறார்."

பாடப்புத்தகத்தை முடித்துவிட்டோம். ஒரே வகை வாக்கியம் என்பது உண்மை. ஆனால் அந்த வகை எப்படிப்பட்டது என்பதைப் புகார் சொல்லவில்லை.

ஆங்கிலத்தில் ஒரு செயலுக்கு 'இங்' என்ற வாலைச் சேர்த்தால் அது ஒரு பொருளைப் போல ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. நோயிங் என்றால் அறிந்திருத்தல். வாட்சிங் என்றால் கவனித்துப் பார்த்தல். அதன் பின்னால் வாட், வேர், வென், ஹவ் என்று ஏதேனும் ஒரு கேள்விச் சொல்லைப் போட்டு முழு வாக்கியத்தையே கொண்டுவந்து சேர்க்கலாம். 'நோயிங் வேர் ஹி இஸ்' என்றால் அவர் எங்கே இருக்கிறார் என்பதை அறிந்திருத்தல். தனியாகக் கேட்டால் 'வேர் இஸ் ஹி?' என்று அதட்டுகிற அதே கேள்வி, இந்த 'இங்' சொல்லின் மடிக்கு வந்ததும் சொற்களை இடம் மாற்றிக்கொண்டு, கேள்விக்குறியைக் கழற்றி வைத்துவிட்டு அமைதியாகிவிடுகிறது. யாரிடமும் பதில் கேட்பதில்லை. கேள்வி என்றாலே நடுங்குகிற எனக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது.

நம் தமிழில் இதே வேலையை 'என்பது' செய்கிறது. ஆனால் நாம் கேள்வியை முதலில் சொல்லி, தெரியுமா தெரியாதா என்பதைக் கடைசியில் வைக்கிறோம். 'ஜன்னலை உடைத்தது யார் என்று எனக்கு' என்பது வரை சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்த பிறகு 'தெரியாது' என்று முடித்துத் தப்பித்துக்கொள்ளலாம். நான் பல முறை தப்பித்திருக்கிறேன். ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது. நோயிங்கா, நாட் நோயிங்கா, முதல் சொல்லிலேயே ஆள் பிடிபட்டுவிடுவார். இரண்டு மொழிக்கும் இரண்டு விதமான துணிச்சல் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குக் காட்டவில்லை.

2. "வயது வந்த பெண் பிள்ளைகளைத் தெருவில் நிற்க வைக்கிறார்."

நிற்க வைக்கிறார் என்பதும் உண்மை. அவருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயரே 'நின்னு பாரு டீச்சர்'. அவர் சொல்வது இதுதான்: "உங்களுக்குத் தெரிஞ்ச யாராவது வேலை செய்யுற எடத்துல போய் நில்லுங்க. தொந்தரவு பண்ணாதீங்க. வாயத் திறக்காதீங்க. நல்லா பாத்துட்டு வந்து ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்க, போதும்." தனியாக யாரும் போகக்கூடாது, இருட்டும் முன் வீடு திரும்ப வேண்டும் என்பவை அவர் விதித்த நிபந்தனைகள்.

என் பக்கத்து இருக்கைக்காரியின் அக்கா மருத்துவமனையில் செவிலியர். அவள் கொண்டுவந்தது: 'ரிமெம்பரிங் ஹூ இஸ் அஃப்ரெய்ட் ஆஃப் வாட்.' எந்த நோயாளி எதற்குப் பயப்படுகிறார் என்பதை நினைவில் வைத்திருப்பது. ஊசிக்குப் பயப்படுகிறவர் ஒருவர், இருட்டுக்குப் பயப்படுகிறவர் ஒருவர், மருமகளுக்குப் பயப்படுகிறவர் ஒருவர் என்று அவள் விளக்கியபோது வகுப்பே சிரித்தது. முடிதிருத்தகத்தில் நின்று பார்த்தவள், 'நோயிங் வேர் டு ஸ்டாப்' என்றாள். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருப்பது. முந்தைய வாரம்தான் அவள் அம்மா வீட்டிலேயே அவளுக்கு முடி வெட்டிவிட்டிருந்தார். டீச்சர் அவள் நெற்றியைப் பார்த்துவிட்டு, "ஒங்கம்மாவையும் அங்க கொஞ்ச நேரம் நிக்கச் சொல்லுடி" என்றார்.

ஐயா, அதுவரை நாங்கள் தெருவில் நடந்திருக்கிறோமே தவிர, தெருவைப் பார்த்ததில்லை.

3. "குடும்ப விஷயங்களைச் சுவரில் ஒட்டி ஊரார் சிரிக்கும்படி செய்கிறார்."

புகாரில் நான்கு பெற்றோர் கையொப்பமிட்டிருந்தாலும், இந்த மூன்றாவதுதான் உண்மையான காரணம். அந்தக் குடும்பம் எங்கள் குடும்பம்.

நான் போய் நின்றது அப்பாவின் மேசைக்குப் பின்னால். வெளியூருக்கு வேலைக்குப் போன மகனிடமிருந்து தகவலே இல்லை என்று ஓர் அம்மாள் வந்திருந்தார். அவரால் பேச முடியவில்லை. "எம்புள்ள... எம்புள்ள..." என்று மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தார். அப்பா தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி, "அழுதுகிட்டே சொல்லும்மா, அவசரமில்ல. எனக்குப் புரியுறத எழுதுறேன். தப்பா இருந்தா தலையாட்டு" என்றார். ஒவ்வொரு வரியாக எழுதிப் படித்துக் காட்டினார். அந்த அம்மாள் சில வரிகளுக்குத் தலையை ஆட்டினார், அப்பா அவற்றை அடித்துவிட்டு வேறு எழுதினார். கடைசியில் முழுவதையும் கேட்டுவிட்டு அந்த அம்மாள், "இதத்தான்யா நான் சொல்ல வந்தேன்" என்றார். அவர் அதுவரை முழுதாக ஒரு வாக்கியம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

நான் வகுப்பில் சொன்ன வாக்கியம்: 'ஹியரிங் வாட் பீப்பிள் கெனாட் சே இஸ் மை ஃபாதர்ஸ் வொர்க்.'

டீச்சர் உடனே பெரிய அட்டை ஒன்றைக் கொடுத்து அதில் எழுதச் சொல்லி, கரும்பலகைக்கு வலப்புறம், ஜன்னலுக்கு மேலே அவரே ஒட்டினார்.

அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆங்கில மனு கேட்டு வருபவர்களைப் பக்கத்து மேசைக்கு அனுப்பும்போதெல்லாம் அவர் முகம் சுருங்குவதை நான் அறிவேன். அவரிடம் போய், எங்கள் பள்ளிக்கு அருகில் நகலெடுக்கும் கடை வைத்திருப்பவர், "என்னண்ணே, ஒங்க பொண்ணு ஒங்களப் பத்தி இங்கிலீஷ்ல எழுதி சுவத்துல ஒட்டியிருக்காளாமே? ஊரே படிச்சிருச்சு, நீங்கதான் படிக்கல!" என்று சிரித்திருக்கிறார்.

அன்று மாலை அப்பா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்: "என்னடி எழுதி ஒட்டியிருக்க?"

அந்தக் குரலுக்குப் பயந்து "ஒண்ணுமில்லப்பா" என்றேன்.

"ஒண்ணுமில்லாததையா ஊரே படிக்குது?" என்றவர் வரைவுத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தெருவோரம் உட்கார்ந்து பிழைப்பவர் என்று நான் அவரைக் கேலி செய்துவிட்டதாகவும், டீச்சர் அதற்குத் துணை போனதாகவும் அவர் நம்புகிறார். அதன் பிறகு விளக்கிச் சொல்லப் பலமுறை அவர் எதிரில் போய் நின்று, சொல்லாமலே திரும்பினேன். இப்போது நான் சொன்னால் டீச்சரைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்றுதான் நினைப்பார். அலுவலகத்திலிருந்து முத்திரையோடு வரும் சொல்லை மட்டுமே அவர் வாழ்நாள் முழுவதும் நம்பியிருக்கிறார். யார் யாரோ சொல்லாத வார்த்தையைக்கூடக் கேட்கும் அந்தக் காதுக்கு முன், வீட்டில் என் வாய் திறக்கவில்லை.

ஆகவே என் கோரிக்கைக்கு வருகிறேன். தங்களிடம் இரண்டு கேட்க நினைத்திருந்தேன். என் பெயரை வெளியிடாமல் மறைக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. ஆனால் அப்பா தம்மிடம் வருபவர்களுக்கு எப்போதும் சொல்வார்: "ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கைதான். ரெண்டு கேட்டா எதை முதல்ல செய்யுறதுன்னு ஃபைல் தூங்கிடும்." அதனால் ஒன்றை விட்டுவிட்டேன்.

நாளை விசாரணை தொடங்கும் முன் தாங்கள் ஒன்பதாம் வகுப்பு அறைக்கு என் தந்தையையும் அழைத்துச் சென்று, ஜன்னலுக்கு மேலே ஒட்டியிருக்கும் அந்த ஒரு வாக்கியத்தைத் தமிழில் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். வாயால் சொல்ல முடியாமல் மக்கள் தவிப்பதைக் கேட்டுக்கொள்வதே என் தந்தையின் வேலை என்பது அதன் பொருள். தயவுசெய்து அவசரமில்லாமல் படிக்கவும். அதன் பிறகும் அவர் புகாரைத் திரும்பப் பெறவில்லை என்றால், தங்கள் முடிவு எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

இடம்: வீட்டுச் சமையலறை
நாள்: ஞாயிறு, இரவு

இப்படிக்குத் தங்கள் பணிவுள்ள,
(கையொப்பம்)
நீலக் குடையின் கீழ் மனு எழுதுபவரின் மகள்