லூர்து அக்காவின் மூச்சு

1997 பிப்ரவரி 11, செவ்வாய்

லூர்து அக்காவை மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து இன்று காரைக்குடிக்கு அழைத்து வந்தோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, கேமராவை உள்ளே விட்டுத் தைத்துவிட்டார்கள். அறுபது வயதில் பெரிய கீறலைத் தாங்கமாட்டாள் என்று பயந்திருந்தேன்.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள சவ்வில் பிறவியிலேயே ஓட்டையாம். குடல் அதன் வழியே மேலேறி நுரையீரலை அழுத்தியிருக்கிறது. நாங்கள் ஆஸ்துமா என்றே நினைத்து இத்தனை வருடமும் மாத்திரை கொடுத்தோம்.

அவளுடைய கல்யாண வயதில் சிங்கம்புணரியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், அவள் தண்ணீர்க் குடத்தோடு மூச்சு வாங்கி நின்றதைப் பார்த்துவிட்டு, "சீக்காளிப் பொண்ணு வேணாம், சின்னவளைக் குடுங்க" என்றார்கள். அப்படித்தான் எனக்குக் கல்யாணம் ஆனது. அக்கா எங்களோடேயே இருந்துவிட்டாள்.

சாயங்காலம் அவள் மாடிப்படியில் எங்கும் நிற்காமல் ஏறிப்போனாள். என் வீட்டுக்காரர் பதறிப்போய், "மெல்லப் போங்க மதினி, தையல் இன்னும் ஆறலை" என்றார். அவள் மேல்படியில் நின்று நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"இழுக்கவே இல்லடி. நல்லாத்தான் இருக்கு. இந்த மூச்சை வச்சுக்கிட்டு நான் இனி எங்குட்டுப் போறது?" என்றாள்.

அவர் வாசலுக்குப் போய்விட்டார்.

பக்கத்து அறையில் அக்கா தூங்குகிறாள். அவள் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்கவில்லை. இத்தனை வருடமும் அதைக் கேட்டுக்கொண்டேதான் நான் தூங்கியிருக்கிறேன்.