மூன்றாம் கவுண்டரில் சொன்னது

நீலசந்திரா, பெங்களூர்
3.7.1994, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

விஜி எழுதுவது. நானும் அத்தையும் நலம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? சுரங்கத்தில் முதல் ஷிப்டுக்குப் போகும்போது மஃப்ளர் கட்டிக்கொள்கிறீர்களா, இல்லை அம்மா நீட்டிக்கொண்டே நிற்கிறாளா?

கார்மெண்ட்ஸ் யூனிட்டை மூடி இரண்டு மாதமாகிறது. திரும்பத் திறக்க மாட்டார்களாம். அதனால் வேலைவாய்ப்பு அலுவலகத்துக் கார்டைத்தான் நம்பியிருக்கிறேன். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை ஏழே முக்காலுக்கே போய்விட்டேன். எனக்கு முன்னால் அறுபத்திரண்டு பேர். மூன்றாம் கவுண்டரில் என் முறை வரும்போது மணி பன்னிரண்டரை.

குமாஸ்தா முத்திரையைக் கையில் எடுத்துவிட்டார். அப்புறம் நிறுத்தி, என் பள்ளிக்கூட டி.சி.யைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மதம் பௌத்தம். ஜாதி இல்லைன்னு போட்டிருக்கு. ஜாதி இல்லாதவங்களுக்கு ஜாதி கோட்டா எதுக்கும்மா?"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"நாங்க ஆதி திராவிடர் சார். பௌத்தர்களுக்கும் உண்டுன்னு சட்டம் வந்திருக்கு சார்."

"அந்தச் சட்டம் எங்க ஆபீசுக்கு வரல. முந்தே ஹோகம்மா, நகரு, பின்னாடி ஆள் நிக்குது."

எஸ்.சி. என்று மூன்று வருடமாக இருந்ததைச் சிவப்பு மையில் அடித்து, 'பொது' என்று எழுதிக் கார்டை வெளியே தள்ளினார். பொதுப் பட்டியலில் பத்து வருடத்துக்கு முன்னால் பதிந்தவர்களே இன்னும் காத்திருக்கிறார்கள். எனக்கு இருபத்தேழு முடிகிறது. அந்தப் பட்டியலில் என் முறை வருவதற்குள் வயது வரம்பு தாண்டிவிடும்.

தாசில்தாரிடம் சாதிச் சான்றிதழும், அந்தச் சட்டத்தின் நகலும் கிடைத்தால் அனுப்புங்கள்.

உங்கள் அன்பு மகள்,
விஜி


நமோ புத்தாய

சாம்பியன் ரீப், கோலார் தங்கவயல்
24.7.1994

அன்பு மகள் விஜிக்கு,

அப்பா எழுதுவது. இருமல் இருக்கிறது, மஃப்ளரும் இருக்கிறது. வைகாசிப் பௌர்ணமிக்கு நீ வரவில்லை என்பதில் அம்மாவுக்கு இன்னும் வருத்தம். எனக்கும்தான்.

தாசில்தார் சான்றிதழை இத்துடன் வைத்திருக்கிறேன். நாலு தடவை நடந்தேன். சட்ட நகலை யூனியன் ஆபீசிலிருந்து வாங்கினேன். 1990-லேயே வந்த சட்டம். முக்கியமான வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன்.

டி.சி.யில் அப்படி எழுதச் சொன்னது நான்தான். 1973 ஜூன் மாதம். ஹெட்மாஸ்டர் "என்ன சாதி?" என்றார். "என் தாத்தா காலத்திலேயே பஞ்சசீலம் எடுத்துக்கொண்ட குடும்பம். எங்களுக்குச் சாதி இல்லை, அப்படியே எழுதுங்கள்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். எழுதும்வரை நான் நகரவில்லை. எங்கள் லைன் வீடுகளில் அந்த வருடம் ஐந்து பிள்ளைகளுக்கு அப்படி எழுதவைத்தோம். அன்று வீட்டில் கேசரி கிளறினாள் உன் அம்மா.

அது உனக்கு இப்படி வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை. காகிதங்களைக் காட்டு. பொறுமையாகப் பேசு. நியாயம் நம் பக்கம் இருக்கிறது.

உன் அப்பா,
ராஜேந்திரன்


நீலசந்திரா
4.9.1994

அன்புள்ள அப்பாவுக்கு,

பொறுமையாகத்தான் பேசினேன். ஆகஸ்டில் மட்டும் நான்கு தடவை போனேன். முதல் தடவை குமாஸ்தா லீவு. இரண்டாவது தடவை, என் முறை வந்ததும் சாப்பாட்டு நேரம் என்று பலகையை இழுத்துவிட்டார். மூன்றாவது தடவை காகிதங்களை வாங்கிப் பார்த்தார்.

"ஒண்ணுல ஜாதி இல்ல, ஒண்ணுல இருக்கு. ரெண்டுல எது பொய்?"

"ரெண்டும் நிஜம் சார்."

"அப்படின்னா நீ பெரிய ஆளுதான்."

சட்ட நகலை அவர் விரித்துக்கூடப் பார்க்கவில்லை. நான்காவது தடவை ஆபீசரைப் பார்க்கக் கேட்டேன். மூன்றரை மணி நேரம் உட்கார்ந்த பிறகு, சார் மீட்டிங்குக்குப் போய்விட்டார் என்றார் பியூன். அறைக்குள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியில் குமாஸ்தாவே ஒரு வழி சொன்னார். ஸ்டாம்ப் பேப்பரில் நீங்கள் உறுதிமொழி கொடுக்க வேண்டுமாம். நாங்கள் இந்துக்கள், ஆதி திராவிடர்கள், பள்ளியில் பௌத்தம் என்று எழுதியது தவறு என்று. அதில் நீங்கள் அவர் முன்னால் வந்து கையெழுத்துப் போட்டால், பழைய சீனியாரிட்டியோடு பெயரைத் திரும்பச் சேர்ப்பாராம்.

ஒரு துறையில் பதினான்கு டைப்பிஸ்ட் வேலைக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள். எஸ்.சி. பிரிவில் என் எண்ணுக்குக் கட்டாயம் இன்டர்வியூ கார்டு வரும். பட்டியல் செப்டம்பர் 30-ஆம் தேதி போகிறது.

வரிசையில் அல்போன்சா என்று ஒரு சிநேகிதி கிடைத்திருக்கிறாள், லிங்கராஜபுரம். அவள் சொல்கிறாள்: "எங்களுக்கு அந்தச் சட்டமே கிடையாது. ஏசுவே வந்து கையெழுத்துப் போட்டாலும் எனக்கு நடக்காது. உனக்கு உங்கப்பா போட்டா போதும். குடுத்து வச்சவடி நீ!"

அத்தை சொன்னதையும் எழுதுகிறேன், கோபிக்காதீர்கள். "உங்கப்பனுக்கு இன்னா, அங்க குந்திக்கினு சட்டம் பேசுவான். வெயில்ல காயறது நீதானே."

ஒரு காகிதம்தான் அப்பா. நாம் யார் என்று நமக்குத் தெரியும். வருவீர்களா?

அன்புடன்,
விஜி


நமோ புத்தாய

சாம்பியன் ரீப்
11.9.1994

அன்பு மகள் விஜிக்கு,

உன் கடிதத்தை அம்மா இரண்டு முறை படித்துக் காட்டினாள். இரண்டாவது முறை படிக்கும்போது அழுதாள். கையெழுத்துப் போடச் சொல்கிறாள். தங்கச்சி சந்திரம்மா என்னைத் திட்டியதில் எனக்குக் கோபம் இல்லை. அவள் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ஆனால் என்னால் முடியவில்லை அம்மா. ஞாயிறுதோறும் விகாரையில் பஞ்சசீலத்தை நான் முதலில் சொல்கிறேன், மற்றவர்கள் என் பின்னால் சொல்கிறார்கள். பொய் சொல்ல மாட்டேன் என்பதும் அதில் ஒன்று. பதினேழு வருடமாகச் சொல்கிறேன். என் தாத்தா எடுத்த முடிவைத் தவறு என்று நான் எப்படி எழுதிக் கொடுப்பேன்?

வேறு வழி இருக்கும். ஆபீசருக்கு மனு எழுதுகிறேன். இதை மட்டும் என்னிடம் கேட்காதே.

உன் அப்பா,
ராஜேந்திரன்


நீலசந்திரா
18.9.1994

அப்பாவுக்கு,

நலம்.

உங்கள் தாத்தா முடிவெடுத்தார். நீங்கள் ஹெட்மாஸ்டரை எழுதவைத்தீர்கள். எனக்கு அப்போது ஆறு வயது. என்னை யாரும் கேட்கவில்லை. விகாரையில் உங்கள் பின்னால் நாற்பது பேர் சொல்கிறார்கள். மூன்றாம் கவுண்டரில் என் பின்னால் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள்.

30-ஆம் தேதி வெள்ளிக்கிழமை. அதற்கு மேல் நான் எதுவும் கேட்கப் போவதில்லை.

விஜி


நீலசந்திரா
23.10.1994

அன்புள்ள அப்பாவுக்கு,

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. நானும் எழுதவில்லை. போன கடிதத்தில் அதிகமாக எழுதிவிட்டேன் என்று போட்ட மறுநாளே தெரிந்தது.

நேற்று முன்தினம் அல்போன்சா கார்டு புதுப்பிக்கப் போனாள். நானும் துணைக்குப் போனேன். குமாஸ்தா என்னைப் பார்த்ததும், "உங்கப்பா வந்து சரி பண்ணிட்டாரேம்மா, இன்னும் என்ன?" என்றார். ரிஜிஸ்தரைத் திருப்பிக் காட்டினார். அக்டோபர் 4-ஆம் தேதி போட்டு, உங்கள் கையெழுத்து. இந்து, ஆதி திராவிடர்.

அப்பா, பட்டியல் 30-ஆம் தேதியே போய்விட்டது. எனக்குப் பின்னால் பதிந்தவர்களுக்கெல்லாம் கார்டு வந்துவிட்டது. நான்கே நாள். கையெழுத்துப் போடத்தான் போகிறீர்கள் என்றால் அதை நான்கு நாள் முன்னால் போட்டிருக்கக் கூடாதா? கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். கேட்காமல் தூக்கம் வரவில்லை.

அவ்வளவு தூரம் வந்தவர் வீட்டுக்கு ஏன் வரவில்லை? அந்த ஆபீசிலிருந்து ஒரே பஸ்தானே? அத்தை இரண்டு நாளாக என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "என் அண்ணனைத் தெருவுல நிக்க வச்சிட்டியே" என்கிறாள்.

அன்புடன்,
விஜி


நமோ புத்தாய

சாம்பியன் ரீப்
6.11.1994

அன்பு மகள் விஜிக்கு,

நீ கேட்டதில் தவறில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

செப்டம்பர் 29-ஆம் தேதியே வந்தேன். கையில் மனுவும் சட்ட நகலும் இருந்தன, ஸ்டாம்ப் பேப்பர் இல்லை. நேர்வழியில் முடித்துவிட்டு, முடிந்தது என்று உன்னிடம் வந்து சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த ஆபீசர் அறை வாசலில் நாள் முழுக்க நின்றேன். ராத்திரி ரயிலில் ஊருக்குப் போய், மறுநாளும் வந்து நின்றேன். நான்கு மணிக்கு உள்ளே விட்டார்கள். மனுவைப் படிக்காமலே, "குமாஸ்தா சொன்னதைச் செய்யுங்க" என்றார். அன்றே ரயில் ஏறிவிட்டேன்.

அக்டோபர் 4-ஆம் தேதி ஸ்டாம்ப் பேப்பரோடு வந்தேன். பட்டியல் போய்விட்டது என்று கன்னடத்தில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். எனக்குக் கன்னடம் படிக்கத் தெரியும். படித்துவிட்டுத்தான் வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற ஆள்கூட, "லிஸ்ட் போயிடுச்சு பெரியவரே, வீட்டுக்குப் போய் டீ குடிங்க" என்றான்.

நான் திரும்பிப் போயிருந்தால், அப்பா நினைத்திருந்தால் செய்திருக்கலாம், செய்யவில்லை என்பதுதான் உன் மனதில் காலத்துக்கும் நின்றிருக்கும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இனி வரும் பட்டியல்களுக்கு உதவும் என்றும் நினைத்தேன். அதை மறைத்தால் அதுவும் பொய்.

கவுண்டரில் குமாஸ்தா பேப்பரைப் பார்த்துவிட்டு, "வாயால சொல்லுங்க" என்றார். எதை என்றேன். "நீங்க யாருன்னு. சத்தமா சொல்லுங்க, நான் எழுதிக்கணும்" என்றார். வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. சொன்னேன். காதில் விழவில்லை என்றார். இன்னொரு முறை சொன்னேன்.

அந்த வாயோடு வந்து உன் கையால் சாப்பிட முடியவில்லை. அதனால்தான் வரவில்லை. சந்திரம்மாவிடம் சொல்லிவிடு.

இப்போது விகாரையில் முனிரத்தினம் முதலில் சொல்கிறார். தொண்டை சரியில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அம்மா உனக்கு ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள்.

உன் அப்பா,
ராஜேந்திரன்


நீலசந்திரா
5.2.1995

அன்புள்ள அப்பாவுக்கு,

பொங்கலுக்கு மறுநாள் எனக்குக் கார்டு வந்தது, வேறொரு துறையில் டைப்பிஸ்ட் வேலைக்கு. எஸ்.சி. பட்டியலில். அன்றே உங்களுக்கு எழுதினேன், போகட்டுமா வேண்டாமா என்று. வேண்டாம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் கார்டைக் கிழித்திருப்பேன், சத்தியமாக. தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நின்றேன். அம்மாவுக்குத் தனியாக எழுதிக் கேட்டதற்கு, "படிச்சார், மடிச்சார், ஷிப்டுக்குப் போயிட்டார்" என்றாள்.

23-ஆம் தேதி இன்டர்வியூ. போனேன்.

டைப்பிங் டெஸ்டில் மூன்று தப்பு. அதன் பிறகு சான்றிதழ் சரிபார்க்கும் மேஜை. அங்கே ஒரு பெண் அதிகாரி, நல்ல மாதிரி. முதல் நாளிலிருந்து எல்லோரிடமும் சார், சார் என்று நின்றே பழகிய எனக்கு, அவர் "உட்காரம்மா" என்றதே ஆச்சரியம். என் டி.சி.யையும் உங்கள் உறுதிமொழியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "பௌத்தர்களுக்கும் உண்டே, இது எதுக்கு வாங்கினாங்க?" என்று கேட்டார். அப்புறம் பேனாவை எடுத்து, "ரெண்டுல எது சரி? நீ சொல்றதை எழுதிக்கிறேன்" என்றார்.

பௌத்தம் என்று சொல்லியிருக்கலாம் அப்பா. அந்த மேஜையில் சொல்லியிருந்தாலும் எனக்கு வேலை கிடைத்திருக்கும். அதை நினைத்து நினைத்துத்தான் இந்த இரண்டு வாரமாக எழுத முடியவில்லை. ஆனால் அந்தப் பேப்பரில் உங்கள் கையெழுத்து இருந்தது. நான் பௌத்தம் என்று சொன்னால் நீங்கள் எழுதிக் கொடுத்தது பொய் என்று ஆகிவிடும். என் வாயால் உங்களைப் பொய்யர் ஆக்க முடியவில்லை.

அப்பா எழுதியிருப்பதுதான் சரி மேடம் என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார்.

வேலை கிடைத்துவிட்டது. மார்ச் 1-ஆம் தேதி சேர வேண்டும். அத்தை தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். அல்போன்சா கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், எனக்காகவா அவளுக்காகவா தெரியவில்லை.

போன மாதமும் பதில் இல்லை, இதற்கும் போட மாட்டீர்கள் என்று தெரியும். இருந்தாலும் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிக்கு வருகிறேன். நீங்கள் விகாரைக்குப் போகும் நேரம் அது. போயிருந்தால் நானும் அங்கே வந்து, கடைசி வரிசையில் எங்காவது உட்கார்ந்துகொள்கிறேன். வீட்டிலேயே இருந்துவிட்டீர்கள் என்றால், நானும் வீட்டிலேயே இருக்கிறேன்.

உங்கள் மகள்,
விஜி