தொட்டிக்கு வந்த வெள்ளை மான்கள்

மே 6, செவ்வாய்
வெயில் 52. சரி, 45 இருக்கும். தொட்டி கழுவித் தண்ணீர் மாற்றியாச்சு. வேலிக் கம்பி ரெண்டு இடத்தில் முறுக்கினேன். பாம்பு ஒன்று, பத்தடி. (நாலடி.)

ஆபீஸுக்குப் போகும் கணக்குத் தாளில் வெள்ளை மான் 23 என்று எழுதினேன். பாலைவனத்தில் ஒன்றுகூட மிஞ்சாமல் சுட்டுத் தீர்த்து, அப்புறம் கூண்டில் பெருக்கி மறுபடி விட்ட சாதி. இப்போது என்னை நம்பித்தான் இருக்குதுகள்.

ஆள் முகம் பார்த்து நாலு நாள்.

மே 8, வியாழன்
தண்ணி லாரி பஷீர் பாய் வந்தார். என் இந்தி கேட்டால் டில்லிக்காரனே அசந்துபோவான். மேற்கு வேலியை எடுக்கப் போகிறார்களாம், டூரிஸ்ட் வண்டி மணல்மேட்டில் ஓட. மான்தான் பெருகிவிட்டதே, இனி இவ்வளவு காவல் வேண்டாம், கிழக்குப் பக்கம் போதும் என்று ஆபீஸில் பேச்சு.

"எல்லாம் உன் தாளைப் பார்த்துத்தான், சாச்சா." சித்தப்பா என்பதற்கு அவர் பாஷையில் சாச்சா.

கொம்பு ஒன்று உடைந்த ஒத்தக்கொம்பி, குட்டி போட ஒதுங்குவது அந்த மேற்கு மேட்டில்தான்.

மே 9, வெள்ளி
லீவு. ஊரில் இருக்கும் மகள் செல்விக்கு போன். எப்போதும் முதல் கேள்வி, இன்றைக்கு எத்தனை மான். பதினாலு, பதினாலு என்று எத்தனை வாரம் சொல்வது? இங்கே பேச வேறு என்ன இருக்கு. வாரம் ஒன்று கூட்டினேன். தாளை போட்டோ அனுப்பு என்பாள். அதனால் தாளிலும்.

இன்று உண்மையைச் சொன்னேன், இப்போதும் பதினாலுதான் என்று.

"பாம்பாவது நெசமா?"

"நெசந்தான். நாலடி."

மே 11, ஞாயிறு
சூப்பர்வைசர் ஜோசப் சார் வந்தார். தெரிந்த இங்கிலீஷ் தீர்ந்துபோய் மீதியைத் தமிழில் சொன்னேன். மலையாளி, புரிந்தது. கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"ஆபீஸ்ல இந்தத் தாள் ஒண்ணைத்தான் நம்பினாங்க, அண்ணா."

மூன்று நாள் அவரே நின்று எண்ணுவாராம். அப்புறம் நான் சோனாப்பூர் லேபர் கேம்ப்புக்கு, கட்டட வேலைக்கு.

மே 14, புதன்
மண்காற்று. சார் பைனாகுலரில், நான் வெறும் கண்ணில். மூன்று நாளும் பதிமூன்று. ஒத்தக்கொம்பி வரவில்லை. சார் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கிளம்பினார். மேற்கு வேலி எடுப்பதில்லை என்று போன் வந்துவிட்டதாம். கலாஸ், முடிந்தது.

மே 15, வியாழன்
பெட்டி கட்டியாச்சு. கடைசியாகத் தொட்டி கழுவப் போனேன். மேற்கு மேட்டிலிருந்து ஒத்தக்கொம்பி இறங்கி வருகிறாள். பின்னால் தவிட்டு நிறத்தில் ஒன்று, கால் இன்னும் நிலைக்காமல். இருபது அடியில் நின்று பார்த்தாள். இருபதேதான்.

லாரி சத்தம் கேட்டு ரெண்டும் மேடு ஏறி மறைந்தன. பெட்டியை ஏற்றும்போது பஷீர் பாய் கேட்டார், இன்றைக்கு எத்தனை சாச்சா.

மேற்கு மேட்டை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, பதிமூன்று என்றேன்.