கொடி அக்காவின் வெயில் கணக்கு

மார்ச் 4

பழைய டீசல் ஜெனரேட்டர் இன்று ஒரேயடியாகப் படுத்துவிட்டது. எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். எங்கள் தரைத்தள ஜன்னலுக்கு வெளியேதான் அது. மின்வெட்டு வந்தால் புகை உள்ளே வரும், என் வீட்டுக்காரருக்கு மூச்சு இழுக்கும். ஆனால் குடியிருப்போர் சங்கச் செயலாளர் மாலையே புது ஜெனரேட்டர் படத்தோடு வந்துவிட்டார். இரண்டு மடங்கு பெரிசாம்! "அப்ப நாம வீட்டை மாத்திட வேண்டியதுதான்," என்றார் இவர், சிரித்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 6

கூட்டத்தில் சொல்லிவிட்டேன். மொட்டைமாடியில் சோலார் தகடு, கூடவே பேட்டரி. விளக்கும் தண்ணீர் மோட்டாரும் அதிலேயே ஓடும். "பதினாறு வீட்ல பன்னிரண்டு கையெழுத்து வாங்கிட்டு வாங்க டீச்சர், பார்க்கலாம்," என்றார் செயலாளர். பத்து நாள் கெடு. கணக்கு டீச்சரிடமேவா?

மார்ச் 9

எட்டு.

மார்ச் 11

பதினொன்று. செயலாளரும் அவர் ஆட்கள் மூவரும் மசிய மாட்டார்கள். மீதி ஒரே வீடு, கொடி அக்கா. மாடியில் ஏழு துணிக்கொடி கட்டி ஆட்சி செய்பவர். "என் துணியை உங்க தலையிலயா காயப்போடுறது?" கதவு படார்.

மார்ச் 12

ஏழு கொடிக்காக ஒரு மனுஷன் மூச்சுத் திணறணுமா? என்ன நியாயம் இது? போங்கடி.

மார்ச் 14

மானம் கப்பலேறியது!

பள்ளி விடுமுறை. தகடுகள் எங்கெங்கே வரும் என்று அக்காவுக்குக் காட்ட, காலையிலேயே மாடியில் சாக்பீஸால் கட்டம் போட்டு வைத்தேன். ஈரத்துணி வாளியோடு வந்தவர் பார்த்தார்.

"யாரு கிறுக்கினது?"

"நான்தான்."

"மூணு மணிக்கு வந்து பாருங்க."

போனேன். தண்ணீர்த் தொட்டியின் நிழல் என் கட்டங்களில் பாதியை விழுங்கியிருந்தது. "இந்த மூலையில மத்தியானத்துக்கு மேல கைக்குட்டைகூட காயாது. பத்து வருஷமா காயப்போடுறேன், எனக்குத் தெரியாதா?"

சாக்பீஸை அவரிடமே நீட்டினேன். எந்த மாசம் எந்தப் பக்கம் வெயில் என்று சொல்லிக்கொண்டே புதுக் கட்டங்கள் போட்டார். பிறகு ஒரு கேள்வி.

"தகட்டை ஆள் உசரத்துக்கு மேல தூக்கி வைக்கலாமா?"

"வைக்கலாமே."

"அப்ப அதுக்குக் கீழ கொடி கட்டிக்கறேன். மாடிக் காத்துலயே காய்ஞ்சிடும், நிழல்ல கலரும் மங்காது."

கையெழுத்து! தாள் முழுக்க சாக்பீஸ் விரல் தடம்.

மார்ச் 16

செயலாளர் மூன்று முறை எண்ணினார். பன்னிரண்டேதான்.

ஜூன் 2

தகடுகள் ஏறிவிட்டன. பழைய ஜெனரேட்டரை லாரியில் ஏற்றினார்கள். இவர் வாசலில் நின்று அதற்குக் கையாட்டி வழியனுப்பினார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய!

ஆகஸ்ட் 21

பக்கத்துக் கட்டடத்திலிருந்து நான்கு பேர் சோலாரைப் பார்க்க வந்தார்கள். நான் வரைபடத்தைத் தேடி எடுத்துக்கொண்டு மாடியேறுவதற்குள் கொடி அக்கா பாடமே நடத்தி முடித்திருந்தார். "ஐடியா என்னோடதுதான். டீச்சருக்குக் கணக்கு தெரியும், வெயில் தெரியாது பாவம்."

அவர் பக்கத்தில் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டு நின்றது யாரென்று பார்த்தால், இவர்! எனக்கு முன்பே நான்கு மாடியும் ஏறி வந்திருக்கிறார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது எனக்குத்தான்.